மறைந்த கப்பலும் மீண்ட கப்பலும்

தலைமன்னார் இறங்குதுறைக்குச் சென்றால், எம் தாயார் மேற்குக் கடலை நோக்கிச் சிறிது நேரம் பேசாது நிற்பது வழக்கம். 1914 இல் தனுஷ்கோடிக்குத் தொடங்கி, 1964 ஆம் ஆண்டுப் புயலின் பின் இராமேசுவரத்துக்கென மாறி, 1984 இல் நின்றுபோன கப்பற் போக்குவரத்தை அவர் மறந்ததேயில்லை. 1983 இல் அக்கப்பலேறிய அவருடைய தமையனார் ஊர் திரும்பாமல் அக்கரையிலேயே காலமானார்.

2010 இல், தாயாருக்குக் காட்டவென்று பிளாஷ் மென்பொருளில் ஓர் அசைபடம் செய்யத் துணிந்தோம். கப்பல் பனிமூட்டத்தில் மெல்ல மறைய வேண்டும். முற்றாக மறைந்ததும் அதே கப்பல் திரும்பித் தோன்ற வேண்டும். படம் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதைக் குறிக்கும் எண்ணுக்கு ஆல்பா என்று பெயர். 100 என்றால் முழுத் தோற்றம், 0 என்றால் மறைவு. ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒன்று குறைத்து, 0 ஆனதும் திரும்புக என்று கட்டளை எழுதினோம். கணக்கில் என்ன பிழை வரப்போகிறது என்று எண்ணியிருந்தோம்!

கப்பல் மறைந்தது. மீளவில்லை.

"திரும்பி வராதோ தம்பி?" என்றார் தாயார்.

அன்றிரவு முழுதும் உறங்காமல் எண்களைப் பார்த்தோம். 99 என்று கொடுத்த இடத்தில் 98.828125 என்றிருந்தது. பின்புதான் விளங்கிற்று: நாம் நூற்றில் பேசினாலும் அம்மென்பொருள் உள்ளே 256 பங்குகளிலேயே கணக்கு வைத்திருந்தது. 99 என்பது 253.44 பங்கு, பின்னத்தை வெட்டி 253 என்று வைத்துக்கொண்டது. முன்னாளில் அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளில் முத்துக்களைத் தரம் பிரித்த பத்துப் பித்தளைச் சல்லடைகளை இங்கே நினைத்துக்கொள்ளலாம். முதற் சல்லடையில் 20 துளைகள், கடைசியில் 1000. துளையைவிட மயிரிழை சிறுத்த முத்தும் கீழ்ச் சல்லடைக்கே விழும். இடைப்பட்ட தட்டு என்று ஒன்றில்லை.

ஆகவே ஒன்று குறைக்கும்போதெல்லாம் 2.56 பங்குக்குப் பதிலாக 3 பங்கு குறைந்தது. 256 இலிருந்து மூன்று மூன்றாகக் கழித்தால் 85 ஆம் அடியில் 1 மிஞ்சும். அடுத்த அடியில் எண் 0 இல் நில்லாமல் அதைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். கண்ணுக்குக் கப்பல் இல்லை. கணக்குக்கோ 0 வரவேயில்லை. 0 அல்லது அதனிலும் குறைவு என்று கட்டளையைத் திருத்தினோம். கப்பல் மீண்டது.

ஆயினும் ஒரு கோணல் எஞ்சியது. கூட்டும்போதும் பின்னம் வெட்டுப்பட்டதால், அடிக்கு 2 பங்கே ஏறிற்று. மறைவதற்கு 86 சட்டம், தோன்றுவதற்கோ 128. வினாடிக்கு 12 சட்டமாக ஓடிய எம் படத்தில், ஏறக்குறைய ஏழு வினாடியில் போன கப்பல் வருவதற்குப் பதினொரு வினாடி வரை எடுத்தது. கணக்கைத் தனியே ஒரு மாறியில் வைத்திருந்து, ஒவ்வொரு முறையும் அங்கிருந்து ஆல்பாவுக்குக் கொடுத்தால் இதுவும் தீரும். மாணவர்களுக்கு அவ்வாறே சொல்லிக் கொடுத்துமிருக்கிறோம்.

திருத்த உட்காருமுன் தாயாருக்கு ஒருமுறை காட்டினோம். அவர் இருமுறை பார்த்தார்.

"போறது கெதியாய்ப் போகுது. வாறது சுணங்கித்தான் வருது. உப்பிடியே விடு தம்பி" என்றார்.

பிளாஷ் 2020 முடிவோடு கைவிடப்பட்டது. அதற்கு முன்பே அப்படத்தைக் காணொளியாக மாற்றி வைத்துக்கொண்டோம், 86 க்கும் 128 க்கும் இடையிலான வேற்றுமையோடு.