துப்பாக்கி உதைத்த கதை

துப்பாக்கி என்றதும் நண்பர்கள் திடுக்கிட வேண்டாம். நான் சுடுவது பறக்கும் தட்டுகளை. அவற்றிலும் பாதி என்னிடமிருந்து தப்பிவிடுகின்றன. ‘களிமண் புறா’ என்று இதற்கு ஒரு பெயர். அது களிமண்ணும் அன்று, புறாவும் அன்று. கீலும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்து வார்த்த, 110 மில்லிமீட்டர் அகலத் தட்டு. பொறி அதை வீசி எறியும். பறக்கும்போதே உடைக்க வேண்டும். புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபினரான பிருதிவிராஜ் 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் இறங்கியது இந்த ஆட்டத்தில்தான். அதைப் படித்த உற்சாகத்தில், தோழி ஒருத்தியுடன் டில்லியின் ஓரத்திலுள்ள பயிற்சித் திடல் ஒன்றுக்குப் போனேன்.

பயிற்சியாளர் இரண்டு துப்பாக்கிகளைக் காட்டி, எது வேண்டும் என்றார். இரண்டும் பன்னிரண்டு போர். ஒன்று, குழல்கள் பக்கம் பக்கமாக அமைந்த பழைய வேட்டைத் துப்பாக்கி, எடை 2.8 கிலோ. மற்றது, குழல்கள் மேலும் கீழுமாக உள்ளது; மூன்றரைக் கிலோ. நான் யோசிக்கவே இல்லை. என் அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றபின், 11 ஆண்டுகளாக இந்த ஊரில் ஒரு வங்கி வாசலில் இரட்டைக் குழலுடன் நிற்பவர். “துப்பாக்கி என்றால் லேசாக இருக்கணும், கண்ணு” என்பது அவர் வாக்கு. என் கைகளோ முருங்கைக்காய். லேசானதை எடுத்துக்கொண்டேன்.

ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள். பத்தாவது தட்டிலேயே தோள் எரிந்தது. இரவு அம்மா ஒத்தடம் கொடுத்தாள். வாரங்கள் செல்லச் செல்ல, உடையும் தட்டுகள் குறைந்தனவே ஒழியக் கூடவில்லை. பழக்கம் போதவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் பயிற்சியாளர், நான் அறியாமல் வெறும் தோட்டா ஒன்றைக் குழலில் இட்டுக் கொடுத்தார். தட்டு பறந்தது; விசையை இழுத்தேன். ‘டிக்’ என்றது. வெடியில்லை, உதையில்லை. ஆனால் குழல் ஒரு சாண் கீழே சாய்ந்திருந்தது. என் கண்கள் இறுக மூடியிருந்தன! உதைக்கு முன்பே உதைக்குப் பயந்திருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

எம்.எஸ்ஸி. பௌதிகம் படிக்கிறவளுக்கு இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டாமா? ரவை வினாடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. ரவையும் அடைப்பும் வெடிவாயுவும் முன்னே கொண்டுபோகும் உந்தம் எவ்வளவோ, அவ்வளவும் துப்பாக்கிக்குப் பின்னோக்கிக் கிடைக்கும். உந்தம் ஒன்றே ஆனாலும், தோளில் வந்து இடிக்கும் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு எதிர் விகிதத்தில் மாறும். 2.8 கிலோவுக்குப் பதில் 3.5 என்றால் இடி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். நானோ போட்டிக்குரிய 24 கிராம் ரவைத் தோட்டாவை விட்டு, 32 கிராமைப் போட்டுச் சுட்டுக்கொண்டிருந்தேன். ரவை அதிகமானால் தட்டு உடையும் என்ற பேராசை! லேசான துப்பாக்கியும் கனத்த தோட்டாவும் சேர்ந்து உதையை ஏறக்குறைய இரு மடங்காக்கியிருந்தன.

எடை மட்டுமன்று. அந்த வேட்டைத் துப்பாக்கியின் கட்டை என் கைக்கு நீளம். தோள்குழியில் பொருந்தாமல் புயத்தில் போய் உட்கார்ந்தது. கட்டை குட்டையானால் கட்டைவிரல் மூக்கைப் பதம் பார்க்குமாம். ரப்பர் அணை வைத்துக்கொள்ளலாம்தான். பொருந்தாத கட்டைக்கு அது அம்மாவின் ஒத்தடம் போல.

கனமான துப்பாக்கிக்கு மாறினேன். கை வலித்தது, தோள் வலிக்கவில்லை. கண்கள் மெல்ல மெல்லத் திறக்கப் பழகின.

அப்பாவிடம் கணக்கைப் போட்டுக் காட்டினேன். “சரிதான். ஆனால் எட்டு மணி நேரம் சுமந்து நிற்கிறவனுக்கு வேறு கணக்கு. வங்கியில் ஒரு தடவைகூட நான் சுட்டதில்லையே” என்றார்.

அடுத்த ஞாயிறு அவரும் உடன் வந்தார். பயிற்சியாளரிடம் கேட்டு, மூன்றரைக் கிலோவை எடுத்து ஒரே ஒரு தட்டைச் சுட்டார். தட்டு முழுசாகவே போய் விழுந்தது. அப்பா தோளைத் தடவிப் பார்த்து, “வலிக்கவே இல்லையே!” என்றார், ஏதோ ஏமாந்தவர் போல.