பாரத்தில் இருக்கும் பெயர்

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த மத்திய அரசு ஊழியர் ஒருவர், 1996-ஆம் ஆண்டு தமது ஆயுள் இன்ஷூரன்ஸ் பாரத்தில், தமக்குப் பின் பணம் பெறவேண்டியவர் என்று மனைவியின் பெயரை எழுதிக் கொடுத்தார். 1998-ல் விவாகரத்து ஆயிற்று. 2002-ல் வேறொரு பெண்மணியை மணந்தார். ஆறு ஆண்டு இல்லறத்துக்குப் பின், 2008 ஜூலையில், எதிர்பாராத விதமாகக் காலமானார்.

விதவையான மனைவி இன்ஷூரன்ஸ் தொகைக்கு மனுச் செய்தார். பாரத்தில் முதல் மனைவியின் பெயரே இருப்பதால் பணம் அவருக்குத்தான் என்று பதில் வந்தது. தொகை 1,24,558 டாலர். இறந்தவர் அந்தப் பழைய பாரத்தை மாற்றவே இல்லை.

விவாகரத்து ஆனால் முன்னாள் மனைவியின் பெயர் தானாகவே ரத்தாகிவிடும் என்பது வர்ஜீனியா சட்டம். அப்படியும் அவர் பணம் பெற்றுவிட்டால், உரியவருக்குத் திருப்பித் தரவேண்டும் என்றும் அச்சட்டம் சொல்லியது. அதை நம்பி விதவை வழக்குத் தொடுத்தார். முதல் கோர்ட்டில் ஜெயித்தார். மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். 2013-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், மத்தியச் சட்டத்துக்கு முன் மாநிலச் சட்டம் செல்லாது, பாரத்தில் பெயர் உள்ளவருக்கே பணம் என்று முடிவு கூறிவிட்டது.

அரசு வேலைக்கு மட்டும்தானே இது என்று எண்ண வேண்டாம். வாஷிங்டன் மாநிலத்தில் விமானக் கம்பெனி ஊழியர் ஒருவர், 1994-ல் விவாகரத்தான இரண்டு மாதங்களுக்குச் சற்றுப் பிறகு விபத்தில் இறந்தார். கம்பெனி எடுத்துக் கொடுத்த பாலிஸியின் 46,000 டாலர் முன்னாள் மனைவிக்குப் போயிற்று. முந்தைய மணத்தில் பிறந்த அவரது குழந்தைகள் வழக்காடினர். 2001-ல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. தனியார் கம்பெனிகள் ஊழியர்களுக்குத் தரும் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் 1974-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதே காரணம்.

சொந்தமாக வாங்கும் பாலிஸியின் கதை வேறு. அங்கே மாநிலச் சட்டம் செல்லும். மின்னஸோட்டா வழக்கொன்றில் 2018-ல் அவ்வாறே தீர்ப்பாயிற்று. ஆனால் இத்தகைய சட்டம் எல்லா மாநிலங்களிலும் ஒரேமாதிரி இல்லை. உயிலில் மாற்றி எழுதினாலும் போதாது. பொதுவாக, உயில் இன்ஷூரன்ஸ் பாரத்தை வெல்லாது.

இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இதில் ஒரு மயக்கம் உண்டு. 'நாமினி' என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பிப்பவர் மட்டுமே என்பது அங்கே நெடுநாளைய சட்டம். 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, மக்கள் ஆகியோர் நாமினியானால் பணம் அவர்களுக்கே சொந்தம். அமெரிக்காவிலோ, பெயர் குறிக்கப்பட்டவர் வெறும் கைமாற்றுபவர் அல்லர், அவரே உரிமையாளர்.

தமிழ்க் குடும்பங்களில் விவாகரத்தைப் பற்றிப் பேசக் கூச்சம். சாவைப் பற்றிப் பேசுவது அமங்கலம். இரண்டும் சேர்ந்து பழைய பாரத்தைப் பெட்டியிலேயே கிடக்க வைக்கின்றன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவரிடம் பாரத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்க எந்த மனைவிக்கு மனம் வரும்? கேட்டாலும், நினைவு தப்பியவரின் கையெழுத்துக்கு மதிப்பில்லை. உடம்பு நன்றாக இருக்கும்போது செய்ய வேண்டிய காரியம் இது.

மறுமணம் செய்தவர்கள் மனைவிக்கு எவ்வளவு, முதல் தாரத்துக் குழந்தைகளுக்கு எவ்வளவு என்று பங்கைப் பாரத்திலேயே எழுதிவிடலாம். விவாகரத்துத் தீர்ப்பில் இன்ஷூரன்ஸ் பற்றிய நிபந்தனை உண்டா என்று முதலில் வக்கீலிடம் கேட்பது அவசியம். மைனர் குழந்தையின் கையில் கம்பெனி நேராகப் பணம் தராது. அதற்கும் ஏற்பாடு வேண்டும். மாற்றிய பின், பதிவானதற்கு எழுத்து மூலம் அத்தாட்சி பெற வேண்டும்.

சித்திரை முதல் நாள் வீட்டில் புதுப் பஞ்சாங்கம் பிரிப்பார்கள். அன்றே பாலிஸிக் காகிதத்தையும் பிரித்து, அதில் யார் பெயர் இருக்கிறது என்று கணவனும் மனைவியும் சேர்ந்து பார்த்துவிட்டால், பின்னால் ஒருத்தி கோர்ட்டுப் படி ஏற வேண்டியிராது.