ரேடியேட்டர் கழுவின தண்ணியும் குழந்தையோட கிட்னியும்

1/ கார்ல சீலன்ட் ஊத்தினவங்க, ஊத்தலாமான்னு யோசிக்கிறவங்க, வீட்ல சின்னக் குழந்தை இருக்கிறவங்க எல்லாருக்கும் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2/ போன வருஷம் ஒரு பழைய கார் வாங்கினேன். ஏசி போட்டா டெம்பரேச்சர் முள்ளு ஏறும். ஒதியம்பட்டுல நமக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் ரேடியேட்டரைத் திறந்து, வெள்ளையா ஜெல்லி மாதிரி ஒண்ணை விரல்ல எடுத்துக் காட்டினார். "டாக்டர் சார், யாரோ பிளாக் சீலன்ட் ஊத்தி வித்திருக்காங்க."

3/ என்ஜின் பிளாக்ல விரிசல் விட்டா அடைக்க ஊத்துற கெமிக்கல் அது. பலதுல இருக்கிறது சோடியம் சிலிக்கேட். சூடான விரிசல்ல தண்ணி ஆவியாகி, கண்ணாடி மாதிரி இறுகிடும். ஆனா விரிசல் எது, ரேடியேட்டரோட மெல்லிய குழாய் எதுன்னு அதுக்குத் தெரியாது. பழைய கூலன்ட் மிச்சம் இருந்தா சேர்ந்து கூழாயிடும்.

4/ 2009-ல அமெரிக்க அரசு பழைய கார்களை வாங்கி ஒழிச்சப்போ, ஆயிலை எடுத்துட்டு இதே சிலிக்கேட்டை ஊத்தித்தான் என்ஜினைக் கொன்னாங்க. அவ்வளவு பலமான சரக்கு.

5/ அண்ணன் செஞ்சது: என்ஜின் முழுசா ஆறின பிறகு வடிச்சார். தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டு, தண்ணி வழக்கமா ஓடுற திசைக்கு எதிரா ஹோஸ் விட்டார். நல்ல தண்ணி ஊத்தி ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி வடிச்சார். தெளிவா வர்ற வரைக்கும் இதே வேலை. கண்ணாடியா இறுகினது கரையவே இல்ல. கடைசியில ரேடியேட்டரையே மாத்தினோம்.

6/ இதுக்கு நடுவுல, முதல்ல வடிச்ச பச்சைத் தண்ணியைக் கடைப் பையன் ரெண்டு கூல்டிரிங்ஸ் பாட்டில்ல பிடிச்சு ஓரமா வச்சான். அண்ணனோட பேத்தி, மூணு வயசு இருக்கும், பக்கத்துலயே விளையாடிட்டு இருந்தா. பாட்டிலை உடனே எடுக்கச் சொன்னேன். "தண்ணிதானே சார்"ன்னார்.

7/ தண்ணி இல்ல. பெரும்பாலான கூலன்ட்ல இருக்கிறது எத்திலீன் கிளைக்கால். இனிப்பா இருக்கும். அதனால குழந்தை துப்பாது, நாயும் நக்கிக் குடிச்சிடும். 10 கிலோ குழந்தைக்கு ஓரிரு வாய் கூட உயிருக்கு ஆபத்து.

8/ முதல் சில மணி நேரம் போதையேறின மாதிரி தள்ளாடும், வாந்தி எடுக்கும். கல்லீரல் அதை அமிலமா மாத்தும். கடைசியில வர்ற ஆக்ஸாலிக் அமிலம் கால்சியத்தோட சேர்ந்து படிகமாகி, சிறுநீரகத்தோட நுண்குழாய்களை அடைக்கும். சீலன்ட் ரேடியேட்டருக்குச் செஞ்சதுதான்.

9/ 2025-ல மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருமல் மருந்தால குழந்தைகள் இறந்தது ஞாபகம் இருக்கா? அதுல கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால் இதோட நெருங்கின உறவு. அங்கேயும் போனது கிட்னிதான்.

10/ குழந்தை குடிச்சிருக்கும்னு சந்தேகம் வந்தாலே போதும், அறிகுறிக்குக் காத்திருக்காதீங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. 108 கூப்பிட்டு, டயாலிசிஸ் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்க, நம்ம பக்கம்னா ஜிப்மர். அந்த பாட்டிலையும் கையோட எடுத்துட்டு வாங்க. சீக்கிரம் வந்தா மாற்று மருந்து இருக்கு.

11/ வடிச்சதைச் சாப்பிடுற, குடிக்கிற பொருள் வந்த எந்த பாட்டில்லயும் பிடிக்காதீங்க. மூடியுள்ள கேன்ல ஊத்தி 'விஷம்'னு எழுதி, குழந்தை கைக்கு எட்டாம வைங்க. வாய்க்கால்லயோ தெருவுலயோ கொட்டாதீங்க.

12/ சீலன்ட் கண்ணுல பட்டா 15 நிமிஷம் நிறையத் தண்ணி விட்டுக் கழுவிட்டு டாக்டரைப் பாருங்க. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தா முகம், நெஞ்செல்லாம் வெந்துடும். பட்டுட்டா குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க. பேஸ்ட், இங்க் எதுவும் வேண்டாம்.

13/ உங்க மெக்கானிக்குக்கு இதை அனுப்புங்க. நம்ம அண்ணன் கடையில இப்போ சிவப்பு பெயின்ட்ல 'விஷம்'னு எழுதின கேன் ஒண்ணு, பூட்டு போட்ட அலமாரிக்குள்ள இருக்கு.