கைம்மாவும் கவ்வியும்

தியாகராய நகரில், நடேசன் பூங்காவுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் ஒரு தமிழாசிரியருக்கு, டிராக்டரின் முன்னால் பொருத்தும் இரும்புக் கவ்வியைப் பற்றி என்ன தெரிந்திருக்க முடியும்? 2018 நவம்பர் 16 வரை நமக்கும் ஒன்றும் தெரியாது.

சாய்ந்த மரங்களை அதற்கு முன்பே பார்த்திருந்தோம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது நம் தெருவின் தூங்குமூஞ்சி மரம் எதிர்வீட்டு மதிற்சுவரின்மேல் படுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் ஒரு ஜேசிபி வந்தது. அதன் வாளிக்கு அள்ளத் தெரியும், தள்ளத் தெரியும், பிடிக்கத் தெரியாது. கிளையைத் தூக்கும், கிளை உருண்டு விழும், மறுபடியும் தூக்கும். மாடியிலிருந்து அதை வேடிக்கை பார்த்த நாம், யானை இருந்திருந்தால் பத்து நிமிட வேலை என்று வீட்டில் சொல்லிச் சிரித்தோம். துதிக்கையைக் 'கை' என்றும், யானையைக் 'கைம்மா' என்றும் சொன்ன மொழி நம்முடையது. ஆனைமலையில் வெட்டிய தேக்கு மரங்களை மலையுச்சியிலிருந்து சரித்துவிட்ட இடம் என்பதால்தான் டாப்சிலிப்புக்கு அப்பெயர். அங்கே உருட்டுகளை இழுத்தும் தூக்கியும் அடுக்கியவை யானைகளே. அன்றைய நம் சிரிப்பு இரண்டே ஆண்டுகளில் நம்மிடமே திரும்பி வந்தது.

கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே நள்ளிரவுக்குப் பின் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று தென்னையை நம்பிய ஊர்கள் ஒரே இரவில் தரைமட்டமாயின. தொலைபேசி கிடைக்க இரண்டு நாள் ஆயிற்று. பேராவூரணிப் பக்கத்துத் தோப்பிலிருந்து தம்பி பேசினான்.

"அண்ணே, எண்ணிப் பாத்துட்டேன். எரநூத்து நாப்பது. நிக்கிறது பதினாறு."

"அப்பா?"

"வரப்புல உக்காந்திருக்காரு. பேச மாட்டேங்கிறாரு."

அந்தத் தோப்பு அப்பா வைத்தது. மேட்டூர்த் தண்ணீரை எதிர்பார்த்து நெல் விதைத்து அலுத்துப்போன தலைமுறை அது. மோட்டார் போட்டு, இருபத்தைந்து அடிக்கு ஒரு குழி வெட்டி, ஒவ்வொரு கன்றுக்கும் தாமே குடத்தில் நீர் சுமந்து ஊற்றினார். அந்தத் தேங்காய்ப் பணத்தில்தான் நாம் முதுகலை படித்தோம்.

அரசு மரம் ஒன்றுக்கு 600 ரூபாய் இழப்பீடும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. அகற்றுவது யார், எதைக் கொண்டு என்பதுதான் கேள்வி. ஊர் முழுவதும் ஒரே வேலை. ஆளும் இல்லை, வாடகைக்கு இயந்திரமும் இல்லை. காத்திருக்கவும் முடியாது. மக்கும் தென்னந்தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும்; அதன் புழு அங்கேயே கொழுக்கும்; வண்டாகி வெளிவந்ததும் நிற்கிற மரத்தின் குருத்தைக் குடையும். விழுந்த இருநூற்று நாற்பதை அப்படியே விட்டால், மிஞ்சிய பதினாறும் போகும். புதிதாக வைக்கும் கன்றும் தேறாது.

தம்பியிடம் நாற்பத்தைந்து குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று இருந்தது. எரு அள்ள முன்னால் லோடரும் மாட்டியிருந்தான். வாளியைக் கழற்றிவிட்டுக் கவ்வி மாட்டலாம் என்று முடிவாயிற்று. அதைத் தேடிப்பிடிக்கும் பொறுப்பு சென்னையில் இருக்கும் நமக்கு. பகலில் வகுப்பில் தொல்காப்பியம், இரவில் கணினியில் இரும்புப் பல் என்று அந்த வாரம் கழிந்தது. அமெரிக்கர்கள் எத்தனை வகை செய்கிறார்கள்! வேரோடும் மண்ணோடும் அள்ளி, மண்ணை மட்டும் உதிர்ப்பதற்குச் சீப்புப்போல் பல் வைத்தது ஒன்று. புதரை அமுக்கிச் சுருட்ட அகலமான மேல்தாடை கொண்டது ஒன்று. உருட்டு மரத்துக்கென்றே நண்டின் கொடுக்குப்போல் வளைந்தது ஒன்று. எல்லாமே ஓக், பைன் மரங்களை எண்ணிச் செய்தவை.

தென்னை அந்த இனமன்று. மரபியலில் தொல்காப்பியர், வைரம் உள்ளே இருப்பதை மரம் என்றும், புறத்தே இருப்பதைப் புல் என்றும் பிரிக்கிறார். அவர் கணக்கில் தென்னை புல். இருபது ஆண்டாக மாணவர்க்கு இதைச் சொல்லி வருகிறோம். அது ஒரு இலக்கணச் சுவை, அவ்வளவே என்று எண்ணியிருந்தோம். தம்பி முதலில் செய்தது, இரும்புக் கொக்கியை அடிமரத்தில் அறைந்து இழுத்தது. புறத்தோடு பாறைபோல் இருந்தது. அதைத் தாண்டியதும் உள்ளே வெறும் சோறு. கொக்கி சோற்றைப் பிய்த்துக்கொண்டு கையோடு வந்துவிட்டது. சங்கிலி கட்டினால் மழையில் நனைந்த வழவழப்பில் நழுவிற்று. குத்திப் பிடிக்கிற எதுவும் உதவாது, சுற்றி அணைக்கிறதுதான் வேண்டும் என்பது புறக்காழ் நமக்குக் கற்பித்த முதற்பாடம்.

இரண்டாவது பாடத்துக்கு விலை கொடுத்தோம். ஒரு பட்டறையில் நண்டுக் கொடுக்கு மாதிரியில் கவ்வி செய்யச் சொன்னோம். பட்டறைக்காரர், "சார், தகடு கனமாப் போட்டாத்தான் நாள்பட உழைக்கும்" என்றார். நமக்கும் அது நியாயமாகவே பட்டது. கனம் என்பதைத் தரத்தின் மறுபெயராக எண்ணும் வழக்கம் உரைநடையிலும் நமக்கு உண்டு. முடிந்து வந்தபோது அது 320 கிலோ. லோடர் தூக்கக்கூடியதோ 800. அதாவது மரத்துக்கு மிஞ்சியது 480. பதினைந்தடித் துண்டு ஒன்று, பச்சையாக, ஏறத்தாழ 250 கிலோ. ஒன்றைத் தூக்கியவரை குறையில்லை. மூன்றாம் நாள் மாலை, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று டிரைவர் இரண்டைச் சேர்த்துக் கவ்வினார். வரப்பு ஏறும் இடத்தில் பின்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழுந்தன. அவர் குதித்துவிட்டார். நல்லவேளை, வண்டி மூக்குக் குத்தி நின்றதே தவிரக் கவிழவில்லை. முன் அச்சு வளைந்தது. அந்தக் கூட்டலை ஒரு பள்ளிப் பிள்ளை போட்டிருக்கும். நாம் போடவில்லை.

அன்றிரவு அப்பா முதன்முறையாகத் தொலைபேசியில் பேசினார். "தம்பி, மரம் போச்சு, போகட்டும். ஆளக் கொன்னுறாதீங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ரயிலேறினோம். இம்முறை கரும்பு லோடர் வேலை தெரிந்த ஒருவரைத் தம்பி அழைத்து வந்திருந்தான். டிராக்டரில் பொருத்தி, வெட்டிய கரும்பை அள்ளி லாரியில் போடும் கவ்வி அது. நம் நாட்டிலேயே அன்றாடம் ஓடுகிற பொருள். அமெரிக்கா வரை போய்த் தேடிய நமக்கு அது ஏன் தோன்றவில்லையோ! அவர் கவ்வியைப் பற்றிப் பேசவேயில்லை. டிராக்டரின் பின்னால் போய் நின்றார். "பின்னாடி பாரம் எங்க?" என்றார். பின்புற இணைப்பில் 400 கிலோவுக்குக் கான்கிரீட் கட்டை வார்த்து மாட்டச் சொன்னார். இரண்டு சக்கர இழுவை வண்டியின் முன் அச்சு மெலிந்தது, அதை நம்பாதீர்கள் என்றார். பிறகுதான் கவ்விக்கு வந்தார். நான்கடி அகலம் போதும், எடை 170 கிலோவைத் தாண்டக்கூடாது. மேல்தாடை ஒன்றாக இல்லாமல், தனித்தனியே மூடும் இரண்டு விரலாக இருக்க வேண்டும். அடிமரம் தடித்தும் நுனி சிறுத்தும் இருப்பதால், ஒரே தாடை என்றால் தடித்த பக்கத்தில் முட்டி நின்று மறுபக்கம் தொளதொளக்கும். கீழே சீப்புப் பல் இருந்தால் மட்டையும் பன்னாடையும் அள்ளலாம், மண் உதிர்ந்துவிடும். தாடையை மூடும் எண்ணெய் அழுத்தத்துக்கு டிப்பர் பெட்டியின் இணைப்பையே எடுத்துக்கொள்ளலாம். குழாய் வெடித்தாலும் பிடி விடாதபடி ஒரு பூட்டு வால்வு கட்டாயம். துண்டு பத்தடிக்கு மேல் வேண்டாம். 170 கிலோதான் வரும், நிற்கிற மரங்களில் இடிக்காமலும் திரும்பலாம்.

புதிய கவ்வி வந்தது. ஒரு துண்டை அணைத்து, சற்றே அசைத்துப் பார்த்து, பின்பு மெல்லத் தூக்கிற்று. அசைத்துப் பார்ப்பது டிரைவரின் பழக்கம். நமக்கோ யானை எடை பார்ப்பதுபோலவே இருந்தது. செங்கல் சூளைக்காரர்கள் சொன்ன விலைக்கு, விலை என்று அதைச் சொல்லலாமானால், துண்டுகள் லாரியேறின. பொங்கலுக்கு முன் தோப்பு வெட்டவெளியாயிற்று.

கடைசி நாள் அப்பா வரப்பிலிருந்து எழுந்து வந்தார். அடிமரம் ஒன்றைக் காட்டி, அதை மட்டும் நீளம் குறைக்காமல் வாய்க்காலின் குறுக்கே போடச் சொன்னார். முதல் வரிசையில் முதலில் வைத்த கன்று அது என்பது நம் இருவருக்கும் தெரியும்.

"வண்டு வைக்கும்பா" என்றான் தம்பி.

"வைக்கிறப்ப எடுத்துக்க."

டிரைவர் தம்பியின் முகத்தைப் பார்த்தார், பிறகு நம் முகத்தை. நாம் தலையசைத்தோம். கவ்வி அதை அலுங்காமல் கொண்டுபோய்க் கரைக்குக் கரை வைத்தது. அப்பா ஒருமுறை அதன்மேல் நடந்து அக்கரைக்குப் போய்த் திரும்பினார்.

ஒன்றரை ஆண்டு பாலமாகக் கிடந்தது. பிறகு ஒருநாள் தம்பி அதன் அடிப்புறத்தைக் கீறிப் பார்த்து, விரல் பருமனில் புழு இருப்பதாகச் சொன்னான். அதே கவ்விதான் அதையும் தூக்கிற்று. அப்பா அன்று வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டார்.