பாட்டியின் ஐந்து ரூபாய்

எங்கள் பள்ளியில் நாணயக் கழகம் ஒன்று இயங்கி வருவதைப் பெற்றோர் பலர் அறிவர். வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி முடிந்தபின் நூலக அறையில் அரை மணி நேரம் கூடுவோம். ஆசிரியர் இருவர், மாணவர் எழுவர். கழகத்தின் சொத்து என்று சொல்லத்தக்கவை ஒரு பூதக்கண்ணாடி, ஒரு காந்தத் துண்டு, மூன்று பிஸ்கட் டின்கள் நிறையப் பழைய சில்லறை, அவ்வளவே.

அச்சில்லறையில் பெரும்பகுதி, நாடாளுமன்றக் கட்டடம் பொறித்து 1967-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் வெளிவந்த காசுகளாகும். கழகத்தில் புதிதாகச் சேரும் மாணவனுக்கு நாங்கள் வைக்கும் முதல் சோதனை இதுதான்: இரண்டு ஒரு காசு நாணயங்களைக் கொடுத்து, இவற்றுள் வேற்றுமை என்ன என்று கேட்போம். இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. பையன் விழிப்பான். பிறகு காந்தத்தை எடுப்போம். தொடக்க ஆண்டுகளில் வந்த காசு வெண்கலம். அது காந்தத்தைச் சட்டை செய்யாது. பின்னாளில் வந்தது எஃகின்மேல் செம்பு போர்த்தியது, துள்ளி ஒட்டிக்கொள்ளும். 2008-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் கடைகளில் மொத்தத் தொகையை ஐந்து காசுக்குச் சரிசெய்யும் முறை வந்துவிட்டபடியால், இக்காலத்துப் பிள்ளைகள் ஒரு காசைக் கொடுத்து ஒன்றும் வாங்கியறியார். அவர்களுக்கு அது சோழர் காலத்துக் காசைப் போலவே பழம்பொருள்.

2023-ஆம் ஆண்டில், ஈப்போ நகரில் ஒரு சனிக்கிழமையன்று நாணய வாணிகர்கள் கூடி வாங்கவும் விற்கவும் கண்காட்சி ஒன்று நடத்தப்போகின்றார்கள் என்று கேள்விப்பட்டோம். மாணவர்களை அழைத்துச் செல்வதென முடிவாயிற்று. செய்தி லயங்களுக்கும் எட்டியது. இரண்டொரு நாள் கழித்து, கழக மாணவன் ஒருவனின் பாட்டியார் பள்ளிக்கு வந்தார். பால்மரம் சீவி உழைத்து ஓய்ந்த கைகள். இடுப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே ஐந்து வெள்ளி ரூபாய்கள், புகைபிடித்த சட்டியைப்போல் கறுத்துக் கிடந்தன.

“ஐயா, அடுத்த வருசம் பேரப்புள்ள பெரிய பள்ளிக்கூடம் போவுது. சட்ட, சப்பாத்து, பஸ்ஸு காசுன்னு எவ்வளவோ இருக்கு. இத நல்ல வெலைக்கு வித்துக் குடுங்க” என்றார்.

அவருடைய தாயார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தபோது முந்தானையில் முடிந்துகொண்டு வந்த காசுகளாம் அவை. நாங்கள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தோம். நான்கு, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்தவை. 1913, 1917, 1918, 1919 என்று ஆண்டு தெரிந்தது. ஐந்தாவது 1862-ஆம் ஆண்டுக்குரியது. அதில் ‘விக்டோரியா ராணி’ என்றிருந்தது. 1877 முதற்கொண்டு வந்த ரூபாயில் ‘பேரரசி’ என்றே இருக்கும்; ஆகவே இது அதற்கும் முந்தியது. அதன் விளிம்பில் சிறு வளையம் ஒன்று பற்றவைக்கப்பட்டிருந்தது. யாரோ ஒரு காலத்தில் கழுத்தில் அணிந்த காசு.

பாட்டியின் பேரன் ஆண்டுகளைக் கேட்டதும் சிறிது முகம் வாடினான். அவன் 1911-ஐ எதிர்பார்த்திருந்தான். அந்த ஆண்டு வெளிவந்த ரூபாயில் மன்னரின் மார்பு அணியில் இருந்த யானை, பார்ப்பதற்குப் பன்றிபோல் இருக்கிறதென்று இந்தியாவில் மக்கள் மனம் புண்பட, அரசாங்கம் அதனை நிறுத்தி மறு ஆண்டு திருத்தி வெளியிட்டது. இக்கதையை அவனுக்குச் சொன்னவர்கள் நாங்களே. சொல்லாதிருந்தால் அவன் மகிழ்ச்சியாக இருந்திருப்பான்.

இனி எழுதப்போவது எங்களுக்குப் பெருமை தருவதன்று. கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு, காசுகள் இவ்வளவு கறுப்பாக இருந்தால் யார் வாங்குவார்கள் என்று எங்களுக்குள் பேச்சு எழுந்தது. தீபாவளிக்கு முன் குத்துவிளக்கை எப்படித் துலக்குவோம்? புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கலாம் என்று சொன்னோம். ஆசிரியர் இருவருமே சொன்னோம். பேரன் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு கொட்டைப்பாக்கு அளவு புளியும் அடுப்புச் சாம்பலும் கொண்டுவந்தான். குழாயடியில் எழுவரும் வட்டமாக அமர்ந்து தேய்த்தார்கள். கால் மணி நேரத்தில் ஐந்து ரூபாயும் நிலவுத் துண்டுகள்போல் பளபளத்தன. கைதட்டி மகிழ்ந்தோம்.

சனிக்கிழமை விடிவதற்குமுன் புறப்பட்டு, வழியில் பசியாறிவிட்டு, பத்து மணிக்கெல்லாம் மண்டபத்தை அடைந்தோம். உள்ளே வரிசை வரிசையாக நீண்ட மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் கண்ணாடி மூடிய தட்டங்கள். நடுவே வட்டத் துளையுள்ள சிறு அட்டைகளுக்குள் காசுகள். அட்டையின் மூலையில் பென்சிலால் விலை. பெரும்பாலான வாணிகர்களின் கைக்கெட்டும் தூரத்தில், சரண் சிங் என்பார் தொகுத்து 1986-ஆம் ஆண்டில் வெளிவந்த மலேசிய, சிங்கப்பூர், புருணை நாணயக் களஞ்சியம், பக்கங்கள் மடிந்து இருந்தது. ஏதேனும் ஐயம் வந்தால் அதைத்தான் புரட்டினார்கள்.

பழையதென்றால் விலை கூடும் என்று எண்ணிக்கொண்டு போன மாணவர்களுக்கு முதல் மேசையிலேயே அதிர்ச்சி. நடுவில் சதுரத் துளையுள்ள சீனத்துச் செப்புக் காசு ஒன்று, சோங் அரசமரபின் காலத்தது, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு வயதுடையது, ஐந்து வெள்ளிக்குக் கிடைத்தது. கிண்ணம் நிறையக் கிடந்தன. அதே மேசையில், நம் நாட்டு 1971-ஆம் ஆண்டுப் பத்துக் காசு ஒன்றைத் தனியாகப் பூட்டிவைத்திருந்தார்கள். அதன் விலையைப் பார்த்த மாணவன் ஒருவன், பூச்சியம் ஒன்றைக் கூடுதலாக எழுதிவிட்டார்கள் போலும் என்றான். இல்லை. அந்த ஆண்டின் பத்துக் காசு அரிதானது, தேடுவோர் பலர். எத்தனை பேர் கேட்கிறார்கள், எத்தனை காசு கிடைக்கிறது, அது எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றும் பேசுகின்றன. வயது பின்னால்தான் நிற்கிறது.

இன்னொரு மேசையில் இராசராச சோழனின் செப்புக் காசுகள் இருந்தன. நிற்கும் உருவம் ஒருபுறம், அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் மன்னன் பெயரும் மறுபுறம். பாடநூலில் பெயர் மட்டும் கண்டவனின் காசு உள்ளங்கையில் கிடந்தபோது, எங்கள் பிள்ளைகள் பேச்சற்று நின்றதைச் சொல்லத்தான் வேண்டும். அதற்கடுத்த மேசையில் சப்பானியர் ஆட்சிக்காலத்து வாழைமர நோட்டுகள் கட்டுக்கட்டாக இருந்தன. 1945-இல் சப்பானியர் சரணடைந்ததும் ஒரே நாளில் வெற்றுத்தாளான பணம் அது. எம் என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் அடையாள எழுத்து மட்டும் உள்ளவை மலிவு. முழு வரிசை எண்ணும் அச்சிட்டவை விலை கூடியவை. எத்தனை தோட்டத்து வீடுகளில் இவற்றை அடுப்பெரிக்கப் பயன்படுத்தியிருப்பார்களோ!

கழகத்தின் கையிருப்பு நாற்பது வெள்ளி. அதில் சதுரக் காசுகள் வாங்குவதென்று முன்பே பேசி வைத்திருந்தோம். ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலத்து மலாயாவின் ஒரு காசு சதுரமானது. 1939 முதல் 1941 வரை வந்தவை பெரியவை, 1943, 1945 என்று பொறித்தவை சிறியவை. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், போர் வந்து ஒரு காசையும் இளைக்கச் செய்துவிட்டது கண்ணுக்குத் தெரியும். அவ்வாண்டுகளின் பத்துக் காசிலும் அதே கதைதான்: நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வெள்ளியாக இருந்தது ஐம்பதாயிற்று, 1948-இல் வெள்ளியே இல்லாமற்போய்ச் செம்பும் நிக்கலும் கலந்த காசு வந்தது. சதுரக் காசு ஆறும் சோங் காசு ஒன்றும் வாங்கினோம். பேரம் பேசியவர்கள் மாணவர்களே. எங்களைவிட நன்றாகப் பேசினார்கள்.

வாசலுக்கு வெளியே ஒருவர் தரையில் துணி விரித்து, 1904-ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்றப் பகுதியின் பெரிய வெள்ளி டாலர் என்று ஒன்றை ஐம்பதுக்குக் கொடுப்பதாகச் சொன்னார். நாலாம் ஆண்டு மாணவி சட்டென்று பையிலிருந்து காந்தத்தை எடுத்து அருகில் நீட்டினாள். ‘டக்’கென்று ஒட்டிக்கொண்டது! வெள்ளியைக் காந்தம் இழுக்காது. விற்பவர் வேறு பக்கம் பார்த்தார். அருகிலிருந்த முதியவர் ஒருவர் சிரித்து, காந்தம் ஒட்டாவிட்டால் மட்டும் நல்ல காசு என்று நம்பிவிடாதீர்கள், தராசும் வேண்டும், உண்மைக் காசு 26.95 கிராம் இருக்கும் என்று சொல்லிச் சென்றார்.

பாட்டியின் காசுகளுக்கு வருவோம். முதலில் நாங்கள் அணுகியவர் வயது முதிர்ந்த சீன தவுக்கே. ரூபாயை விளிம்பில் பிடித்து விளக்கின்கீழ்ச் சாய்த்து, கண்ணில் சிறு கண்ணாடியைப் பொருத்திப் பார்த்தார். பார்த்தவர் கண்ணாடியை எடுத்துவிட்டு, “சூடா சூச்சி?” என்று கேட்டார். ஆம், கழுவினோம் என்று பெருமையாகவே சொன்னோம்.

அவர் கோபிக்கவில்லை. ஒரு மாணவனை அருகில் அழைத்துக் கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். காசின் முகமெங்கும் மயிரிழை போன்ற கீறல்கள். சாம்பல் போட்ட கோலம். பிறகு தம் பெட்டியிலிருந்து அதே ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்றை எடுத்து வைத்தார். கறுமையும் நீலமும் கலந்த மெல்லிய படலம் அதன்மேல் படர்ந்திருந்தது. வெள்ளி தானாகக் காற்றில் போர்த்திக்கொள்ளும் ஆடை அது. சேகரிப்போர் அதனைக் கண்டுதான் காசு தீண்டப்படாதது என்று நம்புகிறார்கள். ஒருமுறை உரித்துவிட்டால் திரும்ப அணிவிக்க இயலாது என்று மலாயில் பொறுமையாக விளக்கினார். கழுவாமல் கொண்டுவந்திருந்தால் ஒன்றுக்கு எழுபது கொடுத்திருப்பேன், இப்போது வெள்ளியின் எடைக்குத்தான் தரமுடியும், முப்பத்தைந்து என்றார். ஒரு ரூபாயின் எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. கணக்கும் போட்டுக் காட்டினார்.

பேரன் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைவிட அவன் அழுதிருந்தால் நன்றாயிருக்கும்.

மேலும் ஐந்து மேசைகளுக்கு நடந்தோம். ஒருவர் முப்பது என்றார். ஒருவர் வேண்டாம் என்றார். இறுதியில் ஒரு மலாய் அம்மையார் நான்கையும் சேர்த்து நூற்றெண்பதுக்கு எடுத்துக்கொண்டார். வளையம் பற்றவைத்த விக்டோரியா ரூபாயை அவரும் திருப்பித் தந்துவிட்டார். நகையாக்கிய காசை நாணயம் சேர்ப்போர் விரும்புவதில்லை. உருக்குவதற்கென்றால் முப்பது தரலாம் என்றார். கொடுத்துவிடலாமா என்று நாங்கள் தயங்கியபோது பேரன்தான் வாய்திறந்தான்: “உருக்கிடுவாங்களா சார்? பாட்டிய கேக்காம வேணாம்.”

திரும்பும் வழியெல்லாம் கணக்கு எங்களை விடவில்லை. நான்கு காசில் நூறு வெள்ளி போயிற்று. லயத்து வீட்டில் நூறு வெள்ளி என்ன என்பதை இம்மலரைப் படிப்போருக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் இருவரும் ஆளுக்கு ஐம்பது போட்டு, எழுபது வீதம் விற்றதாகச் சொல்லிவிடலாம் என்று முதலில் எண்ணினோம். ஆனால் பின் இருக்கையில் ஏழு பிள்ளைகள் அமர்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும்.

மாலை ஆறு மணிக்குக் கீழ்லயத்து வாசலில் நின்று நடந்ததை நடந்தபடியே சொன்னோம். புளி, சாம்பல், கீறல், எழுபது, நாற்பத்தைந்து. பின்பு விற்ற நூற்றெண்பதோடு எங்கள் நூறையும் சேர்த்து நீட்டினோம். பாட்டியார் நோட்டுகளை எண்ணினார். நூறைத் தனியே பிரித்து எங்கள் கையிலேயே வைத்தார்.

“நீங்க ஏன் குடுக்கணும்? பையன் வந்து கேட்டப்ப பானையிலேருந்து புளிய எடுத்துக் குடுத்தது நான்தானே. எனக்கு மட்டும் தெரிஞ்சிச்சா?” என்றார்.

எவ்வளவு வற்புறுத்தியும் வாங்க மறுத்துவிட்டார். அந்தப் பணத்தில் அவ்வாண்டு இறுதியில் பேரனுக்குச் சப்பாத்தும் புத்தகப்பையும் வாங்கிக் கொடுத்தோம்; அதை மட்டும் அவரால் தடுக்க முடியவில்லை.

கடைசியாக விக்டோரியா ரூபாயைத் தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தோம். வாங்க ஆளில்லை பாட்டி, வளையம் இருப்பதால் உருக்கத்தான் கேட்டார்கள் என்றோம். அவர் அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். நாங்கள் துலக்கிய பளபளப்பு அந்திவெயிலில் மின்னியது.

“இது எங்கம்மா கழுத்துல கெடந்தது. எல்லாத்தோடயும் முடிஞ்சி குடுத்துட்டேன், ராத்திரியெல்லாம் தூக்கமில்ல” என்றார்.

முந்தானை நுனியில் அதை வைத்து இரண்டு முடிச்சாக முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, “எல்லாரும் உள்ள வாங்க, தேத்தண்ணி கலக்குறேன்” என்று அடுப்படிக்குப் போனார்.