12 கம்பி கிடாரும் நம்ம ஊர் நாதஸ்வர ஜோடியும்: காது பற்றி ஒரு இழை

1/ கிடாருக்கு 6 கம்பிதானே? 12 கம்பி போட்ட எலக்ட்ரிக் கிடாரும் உண்டு மக்களே. அதன் சத்தம் ஏன் மினுமினுன்னு கேக்குதுன்னு தெரிஞ்சா, உங்க காதை இன்னும் கொஞ்சம் பத்திரமா பாத்துக்குவீங்க. அதுக்குத்தான் இந்த இழை.

2/ 12 கம்பிக்கும் தனித்தனி சுரம் கிடையாது. ரெண்டு ரெண்டா 6 ஜோடி. மெல்லிசான 2 ஜோடியில் ரெண்டு கம்பிக்கும் ஒரே சுரம். மீதி 4 ஜோடியில் ஒரு கம்பி மூல சுரம், பக்கத்துக் கம்பி அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே.

3/ 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்கா போனப்ப, ஜார்ஜ் ஹாரிசன் கைக்கு ரிக்கன்பேக்கர் 360/12 வந்துச்சு. அதே வருஷம் வந்த 'எ ஹார்ட் டேஸ் நைட்' பாட்டு ஒரே அடியில் 'ஜாங்'னு ஆரம்பிக்குமே, அதுக்குள்ள இந்த கிடார் இருக்கு. அந்தப் படத்தைப் பாத்துட்டு ரோஜர் மெக்குவின் தானும் ஒண்ணு வாங்கினார். 1965-ல் பேர்ட்ஸ் குழுவின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டில் ஒலிப்பது அதுதான்.

4/ மினுமினுப்பு எங்கிருந்து வருது? எவ்வளவு சுருதி சேத்தாலும் ஜோடிக் கம்பிகள் அச்சு அசலா ஒண்ணாகாது. ஒண்ணு நொடிக்கு 440 தடவை, இன்னொண்ணு 441 தடவை அதிர்ந்தா, நொடிக்கு ஒரு தடவை சத்தம் ஏறி இறங்கும். அந்தச் சின்னப் பிசிறுதான் அழகு.

5/ மதுரைக்காரங்களுக்கு இது பழகின சத்தம். ரெண்டு நாதஸ்வரம் சேர்ந்து வாசிக்கிறதைக் கேளுங்க. ரெண்டு சீவாளி, ரெண்டு மூச்சு. ஒரே சுரம்தான், ஆனா ஒரு கனம் கூடும். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்துக்கு வாசிச்சது நம்ம மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள்.

6/ இதுக்கு நேரெதிரா போனவர் மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸ். வழக்கமான மாண்டலினில் 4 ஜோடி, 8 கம்பி. அவர் ஜோடியை எடுத்துட்டு 5 ஒற்றைக் கம்பி வெச்சார். ஜோடிக் கம்பியை ஒரே அளவு இழுத்து கமகம் பிடிக்கிறது பெரும்பாடு. மினுமினுப்பை விட்டுக்கொடுத்து கமகத்தை வாங்கிக்கிட்டார்.

7/ இப்ப காதுக்கு வருவோம். உள்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள். அதன் வாசல் பக்கம் இருக்கும் முடிச் செல்கள்தான் உச்ச ஒலிகளைப் பிடிக்கும். பெரிய சத்தத்தில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. 12 கம்பியின் பளபளப்பும் அந்தப் பக்கம்தான். நம்ம பேச்சில் 'ச', 'ஸ' மாதிரி எழுத்துகளின் தெளிவும் அங்கதான். "சத்தம் கேக்குது டாக்டர், என்ன சொல்றாங்கன்னுதான் புரியல" என்பது இதனால்தான். செத்த முடிச் செல் மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது.

8/ 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்சென்ட் ஆரம்ப நாட்களில் ரிக்கன்பேக்கர் 12 கம்பி வாசிச்சவர். பிற்பாடு தன் செவித்திறன் குறைவையும் காது இரைச்சலையும் வெளிப்படையாகவே பேசினார்.

9/ கணக்கு இதுதான். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல்னா 15 நிமிஷம்தான். விளாங்குடியில் திருவிழா ஸ்பீக்கர் பக்கத்துல பிள்ளையைத் தோளில் தூக்கி வெச்சு நிக்கிறவங்க இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. நாலு எட்டு தள்ளி நின்னாலே சத்தம் குறையும்.

10/ மைக்செட் போடுற தம்பிகள், தவில், நாதஸ்வரம் வாசிக்கிற அண்ணன்மார் காதடைப்பான் போடுங்க. மருந்துக் கடையிலேயே கிடைக்கும். கச்சேரி முடிஞ்சு மறுநாளும் காதுல 'கொய்ங்'னு இருந்தா, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒரு கேட்கும் திறன் பரிசோதனை செஞ்சுக்கோங்க.

11/ இன்னைக்கு ராத்திரி அந்த பேர்ட்ஸ் பாட்டையும், அடுத்து சேதுராமன், பொன்னுசாமி வாசிப்பையும் கேளுங்க. வால்யூம் பாதிக்கு மேல வேண்டாம். ஜோடி தெரியுதான்னு கீழே சொல்லுங்க.