ஈரோட்டுக்கே மஞ்சளா?

நான் ஈரோட்டுக்காரன். 2012-ல் வங்கி வேலை என்னை ஒடிசாவின் ராயகடாவில் கொண்டுபோய்ப் போட்டது. கடன் வசூலுக்குப் போகும் புதன்கிழமைகளில் சாட்டிகோனா சந்தையில் இறங்குவேன். நியமகிரி மலையிலிருந்து டோங்ரியா கோந்து பெண்கள் மஞ்சளும் அன்னாசியும் கொண்டுவந்து விற்பார்கள். ஒருமுறை அம்மாவுக்கு இரண்டு கிலோ மஞ்சள் வாங்கிப் போனேன். "ஏங்கண்ணு, ஈரோட்டுக்கே மஞ்சளா?" என்று சிரித்தார்.

அந்த மலை உச்சியில் பாக்சைட் இருக்கிறது. அதை நம்பி வேதாந்தா நிறுவனம் மலையடிவாரத்தில், லாஞ்சிகரில், அலுமினா ஆலையை முதலில் கட்டிவிட்டது. (வேதாந்தா என்றதும் நமக்கு தூத்துக்குடியும் 2018 மே 22-ம்தான் ஞாபகம் வரும். இது வேறு கதை.) மலையைத் தோண்ட 2010-ல் மத்திய அரசு அனுமதி மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. கிராம சபைகளைக் கூட்டி மலைமக்களின் உரிமைகளைப் பரிசீலிக்கச் சொல்லி 2013 ஏப்ரல் 18-ல் தீர்ப்பு வந்தது.

நான் படித்தது பி.காம். கணக்கு சுலபமாகத் தெரிந்தது. "நல்ல விலை கொடுத்தால் சரி என்பார்கள், பாருங்கள்" என்றேன் கிளை பியூனிடம். அவர் உள்ளூர்க்காரர். "அது அவங்க நியம ராஜா சார். ராஜாவை யாராவது விப்பாங்களா?" என்றார். ஒரு டீ பந்தயம் கட்டினோம்.

ஜூலை 18-ல் செர்காபாடி கிராமத்தில் முதல் சபை. மாவட்ட நீதிபதி முன்னிலையில் ஒவ்வொருவராக எழுந்து வேண்டாம் என்றார்கள். ஆகஸ்ட் 19-ல் ஜராபாவில் கடைசி சபை. 12 கிராமம், 12-ம் வேண்டாம். 2014 ஜனவரியில் மத்திய அமைச்சகமும் இறுதியாக மறுத்துவிட்டது. டீ நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

எங்கே தப்புப் போட்டேன் என்று பல நாள் யோசித்தேன். மலையை அடமானச் சொத்து மாதிரி மதிப்புப் போட்டிருக்கிறேன். அங்கிருந்து வரும் ஓடைத் தண்ணீரில்தான் அவர்கள் பிழைப்பே நடக்கிறது. நான் வாங்கிப் போன மஞ்சள் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

ஆலை மூடிப் போய்விடவில்லை. வேறு இடத்து பாக்சைட்டில் ஓடுகிறது. 2023-ல் பக்கத்து சிஜிமாலி மலை ஏலத்தில் வேதாந்தாவுக்குப் போனது. அங்கேயும் மக்கள் எதிர்க்கிறார்கள். எங்கள் வீட்டு ஜன்னல் சட்டமும் இட்லி குண்டானும் அலுமினியம்தான், அதுவும் யாரோ ஒருத்தர் மலை. அதனால் எனக்கு உபதேசம் செய்யத் தகுதியில்லை.

இப்போது புவனேஸ்வரில் இருக்கிறேன். கடன் மனுவில் "தரிசு நிலம்" என்று எழுதியிருந்தால் மட்டும், ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.